எக்ஸ்டெண்டட் எஸ்ஸே எங்கே சிக்கிக்கொண்டது? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழிமுறை

ஐபி (இன்டர்நேஷனல் பக்கலோரியேட்) டிப்ளோமா மாணவர்கள் ‘இஇ’ என்று சுருக்கிச் சொல்லும் எக்ஸ்டெண்டட் எஸ்ஸே, 4,000 சொல்லைத் தாண்டக்கூடாத தனி ஆய்வுக்கட்டுரை. ஏறக்குறைய 40 மணி நேர வேலை. மேற்பார்வை ஆசிரியர் ஒரு மாணவருக்குத் தரும் நேரமோ மொத்தம் 3 முதல் 5 மணிதான். டிஓகேயுடன் (தியரி ஆஃப் நாலெட்ஜ், அறிவுக் கோட்பாட்டுப் பாடம்) சேர்த்து அதிகபட்சம் 3 புள்ளி கிடைக்கும். ஆனால் இதில் மிகக் குறைந்த தரமான ‘இ’ வந்தால், மற்றப் பாடங்களில் எத்தனை எடுத்திருந்தாலும் டிப்ளோமா கைக்கு வராது.

முதலில் ஒரு எச்சரிக்கை. 2027 முதல் தேர்வு எழுதுகிறவர்களுக்குப் புதிய வழிகாட்டி, மொத்தம் 30 மதிப்பெண். அதற்கு முந்தையது 34. அக்காமார் அண்ணன்மார் கொடுக்கும் பழைய கட்டுரைகளை நடைக்காகப் பாருங்கள், மதிப்பெண் கணக்கை அவற்றிலிருந்து எடுக்காதீர்கள். மலேசியாவின் பல்கலைக்கழக முன்தேர்வான எஸ்டிபிஎம்மில் செய்முறைக் கட்டுரை எழுதும் ஆறாம் படிவ மாணவர்களுக்கும் கீழே உள்ளதில் பெரும்பகுதி பொருந்தும். நீளமும் விதியும் மட்டும் வேறு.

வலிக்கிற இடம் ஒன்று, கோளாறு இருக்கிற இடம் வேறு. கட்டுரையின் கடைசியில் தெரியும் சிக்கல் பெரும்பாலும் ஆய்வுக் கேள்வியில்தான் பிறந்திருக்கும். அதனால் எந்த அறிகுறியைப் பார்க்கும்போதும் கேள்வியை ஒரு தாளில் எழுதி எதிரே ஒட்டிக்கொள்ளுங்கள்.

“தலைப்பு இருக்கிறது, ஒரு வரிகூட எழுத வரவில்லை”

கையில் இருப்பது தலைப்பு, கேள்வி இல்லை. ‘பினாங்கு லிட்டில் இந்தியா’ என்பதை வைத்து ஒரு நூலே எழுதலாம். 4,000 சொல்லில் எதையும் நிறுவ முடியாது. இடம், காலம், மாற்றம் என்ற மூன்றையும் இறுக்குங்கள்.

இடம்: லிட்டில் இந்தியா முழுவதும் வேண்டாம், லெபோ பாசார் என்ற ஒரு தெரு போதும். மாற்றம்: 1948க்கு முந்தைய கட்டடங்களின் வாடகையைக் கட்டிவைத்திருந்த சட்டம் 1997இல் ரத்தானது; இடைக்காலம் முடிந்து 2000 ஜனவரி 1 முதல் கட்டுப்பாடு முற்றிலும் நீங்கியது. காலம்: அதற்கு ஐந்தாண்டு முன்னும் பின்னும். இப்போது கேள்வி இப்படி நிற்கும்: ‘வாடகைக் கட்டுப்பாடு நீங்கியது, 1995–2005 காலத்தில் லெபோ பாசார் கடைகளின் தொழில் வகையை எந்த அளவுக்கு மாற்றியது?’

இதையே ‘தமிழர் கடைகள் ஏன் வெளியேறின?’ என்று கேட்டால் கோளாறு. வெளியேறின என்பதை நிறுவாமலே ஏற்றுக்கொண்டுவிட்டீர்கள். சில கடைகள் அங்கேயே நிலைத்திருக்கலாம், வியாபாரம் மட்டும் மாறியிருக்கலாம். கேள்வியைத் தாங்கும் சொற்களில் நிறுவப்படாத ஒன்று ஒளிந்திருக்கிறதா என்று பாருங்கள்.

‘எந்த அளவுக்கு’ என்ற சொல்லை முன்னால் ஒட்டுவதால் மட்டும் கேள்வி ஆகிவிடாது. எதிர்த்தட்டில் வைக்க வேறு காரணங்கள் இருக்க வேண்டும். இந்தக் கேள்விக்குப் புறநகர்ப் பேரங்காடிகளும், வாரிசு இல்லாமல் மூடிய கடைகளும் எதிர்த்தட்டு. எதிர்த்தட்டு எதுவும் தோன்றவில்லை என்றால் கேள்வியைக் கைவிடுங்கள்.

பிறகு ஒரு சோதனை: கடிகாரம் வைத்து 30 நிமிடத்தில், கேள்விக்கு நேராகப் பதில் தரும் மூன்று ஆதாரங்களின் பெயரை எழுத முடிகிறதா? பழைய தொலைபேசிக் கையேட்டின் மஞ்சள் பக்கங்கள், நாளிதழ்கள், அதே தெருவில் அந்தக் காலத்தில் கடை நடத்தியவரின் பேட்டி. இரண்டுகூட வரவில்லை என்றால் இன்றே மாற்றுவது நல்லது. இரண்டு மாதம் கழித்து மாற்றினால் 20 மணி நேர வேலை வீண்.

வரலாற்றுப் பாடத்தில் எழுதுகிறவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: கடைசி 10 ஆண்டுகளுக்குள் நடந்தவை ஏற்கப்படுவதில்லை.

“ஆதாரமே கிடைக்கவில்லை”

பெரும்பாலும் ஆதாரம் இருக்கிறது, தேடுகிற பெயர்தான் தப்பு. 1930களின் நாளிதழில் லெபோ பாசார் என்று தேடினால் ஒன்றும் வராது, அன்று அது மார்க்கெட் ஸ்திரீட். கிள்ளான் துறைமுகம் 1972 வரை போர்ட் ஸ்வெட்டன்ஹாம். தெலுக் இந்தானைத் தெலுக் ஆன்சன் என்றும், செபராங் பிறையைப் புரோவின்ஸ் வெல்லெஸ்லி என்றும் தேட வேண்டும். ஆங்கிலேயர் காலத் தாள்கள் நம்மவர்களைப் பல இடங்களில் ‘கிளிங்’ என்றே எழுதின. படிக்கவே கசப்பான சொல். ஆனாலும் தேடுபெட்டியில் அதையும் போட்டாக வேண்டும், இல்லையென்றால் நம் தாத்தா பாட்டிகளைப் பற்றிய செய்திகளில் ஒரு பகுதி கண்ணுக்கே படாது. கோயில், ஆள் பெயர்களுக்குக் குறைந்தது நான்கு எழுத்துக்கூட்டல்களை முயலுங்கள். மாரியம்மன் ஒரு தாளில் ஒரு மாதிரி, இன்னொன்றில் வேறு மாதிரி இருப்பாள்.

எங்கே தேடுவது? வீட்டிலிருந்தே தொடங்கலாம். சிங்கப்பூர் தேசிய நூலகத்தின் நியூஸ்பேப்பர்எஸ்ஜி தளத்தில் ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸின் பழைய இதழ்கள் இருக்கின்றன, 1935இல் தொடங்கிய தமிழ் முரசும் இருக்கிறது. அன்றைய மலாயா செய்தி அவற்றில் நிறைய. கோலாலம்பூரில் உள்ளவர்களுக்குத் தேசிய ஆவணக் காப்பகமான அர்கிப் நெகாராவும், ஜாலான் துன் ரசாக்கில் உள்ள தேசிய நூலகமும் எட்டும் தூரம். தமிழ் நூல்களுக்கு மலாயாப் பல்கலைக்கழக நூலகத்தை விடாதீர்கள். அங்கே இந்திய ஆய்வியல் துறை 1956 முதல் இயங்குகிறது. 1924இல் தொடங்கி 2019இல் நின்றுபோன தமிழ் நேசனின் பழைய இதழ்கள் எங்கே எந்த ஆண்டுக்கு உள்ளன என்று நூலகரிடம் நேராகக் கேளுங்கள். கேட்கத் தயங்குவதால் இழக்கும் நேரம் மிக அதிகம்.

காப்பகத்துக்குப் போகும் முன் இணையப் பட்டியலில் தேடி, கோப்பு எண்களைக் குறித்துக்கொண்டு போங்கள். அடையாள அட்டை, பள்ளிக் கடிதம், பென்சில் மூன்றும் பையில் இருக்கட்டும். ஒரு நாளில் நான்கைந்து கோப்புக்கு மேல் உருப்படியாகப் படிக்க முடியாது. அந்தக் கணக்கில் பயணத்தைத் திட்டமிடுங்கள்.

“‘விவரித்துக்கொண்டே போகிறாய், பகுப்பாய்வு இல்லை’ என்கிறார் டீச்சர்”

மதிப்பெண் அதிகம் போகும் இடம் இதுதான். புதிய முறையில் பகுப்பாய்வுக்கும் வாதத்துக்கும் 6, விவாதத்துக்கும் மதிப்பீட்டுக்கும் 8. முப்பதில் 14 இங்கேயே இருக்கிறது.

கண்டுபிடிப்பது எளிது. வரைவை அச்சிட்டு, நடந்ததைச் சொல்லும் வாக்கியங்களுக்கு நீல நிறமும், அதிலிருந்து நீங்கள் பெறும் முடிவுக்கு மஞ்சள் நிறமும் பூசுங்கள். ஒரு பத்தி முழுக்க நீலமாக இருந்தால் அது விவரிப்பு. முழுக்க மஞ்சளாக இருந்தால் அதுவும் கோளாறுதான், ஆதாரமில்லாத கருத்து.

1941 கிள்ளான் வட்டார ரப்பர் தோட்ட வேலைநிறுத்தத்தை எடுத்துக்கொள்வோம். கேள்வி: ‘அதற்குக் கூலிப் பிரச்சினை எந்த அளவுக்குக் காரணம்?’ வழக்கமான வரைவு இப்படிப் போகும்: தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள், சீனத் தொழிலாளருக்கு இணையான கூலி கேட்டார்கள், கள்ளுக்கடையை மூடச் சொன்னார்கள், பிள்ளைகளுக்குக் கல்வி கேட்டார்கள், துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கும் வழக்கம் ஒழிய வேண்டும் என்றார்கள். எல்லாம் உண்மை. ஆனால் கேள்விக்குப் பதில் எங்கே?

சரிசெய்ய நான்கு அடி. முதலில் பத்தியின் முடிவை முதல் வாக்கியமாக வையுங்கள்: ‘கோரிக்கைப் பட்டியலைப் பார்த்தால், கூலியைவிட மரியாதை சார்ந்தவையே அதிகம்.’ அடுத்து ஆதாரம்: கோரிக்கைகளைக் கூலியும் வேலை நேரமும், வாழ்க்கை வசதி, மரியாதை, சங்கம் கூடும் உரிமை என்று வகைப்படுத்தி எண்ணுங்கள். சைக்கிள் கோரிக்கை மரியாதை வகையில் விழும். தோட்டத்துப் பெண்களைத் தொந்தரவு செய்வது நிற்க வேண்டும் என்ற கோரிக்கையும் அதில்தான் விழும், அதைத் தவறவிடாதீர்கள். மூன்றாவது, இந்த ஆதாரம் சொல்லாதது என்ன? எண்ணிக்கை வேறு, கனம் வேறு. பட்டியலை எழுதியவர்கள் சங்கத்தை நடத்தியவர்கள். வேலையை நிறுத்தி இறங்கியவர்களோ பால் வெட்டியவர்கள். இரு சாராருக்கும் ஒரே கோரிக்கைதான் முதன்மையாக இருந்தது என்று எடுத்துக்கொள்ள முடியாது. நான்காவது, கேள்விக்குத் திரும்புங்கள்: ஆகவே கூலி ஒரு தொடக்கப்புள்ளியா, அடிப்படையா?

மூன்றாவது அடியைத்தான் மாணவர்கள் விட்டுவிடுகிறார்கள். தன் வாதத்தைத் தானே பலவீனமாக்கும் என்ற பயம். உண்மையில் அந்த 8 மதிப்பெண்ணின் பெரும்பங்கு அங்கேதான் விளைகிறது. ஆதாரத்தின் எல்லையைக் காட்டியும் வாதம் நிற்கிறது என்று நிறுவுவதே மதிப்பீடு.

ஆதாரத்தை மதிப்பிடுவது என்றால் ‘இது பக்கச்சார்பானது’ என்று முத்திரை குத்துவது இல்லை. ஆங்கில நாளிதழ் தோட்ட முதலாளிகள் பக்கம் சாய்ந்தது என்றால், எந்தச் செய்தியில், எந்தச் சொல்லில், அதனால் உங்கள் முடிவில் எது மாறுகிறது என்று காட்ட வேண்டும். ஒரு மாற்றமும் இல்லையென்றால் அந்த வாக்கியமே வேண்டாம்.

“கூகுள் ஃபார்மில் 40 பேர் பதில் சொன்னார்கள், அதை வைத்து என்ன செய்வதென்று தெரியவில்லை”

அந்த 40 பேரும் ஒரே வாட்சாப் குழுவில் இருக்கும் 17 வயதுக்காரர்கள். பொருளியல், வணிகவியல் கட்டுரைகளில் அடிக்கடி காணும் கோளாறு இது. 62.5 விழுக்காடு என்று எழுதினாலும் அது 25 பேர்தான். ஃபார்மை விட்டுவிட்டு, விஷயம் தெரிந்த ஐந்தாறு பேரை நேரில் பாருங்கள்.

எடுத்துக்காட்டாக, குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட்டாக உயர்ந்தது கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் வாழையிலை உணவகங்களின் விலையை எந்த அளவுக்கு உயர்த்தியது என்ற கேள்வி. ஐந்து பேரோ அதற்கு மேலோ வைத்து வேலை வாங்கும் முதலாளிகளுக்கு அது 2025 பிப்ரவரி 1 முதல், சிறிய கடைகளுக்கு ஆகஸ்ட் 1 முதல். கணக்குப் புத்தகத்தைக் கேட்டால் எந்த முதலாளியும் காட்டமாட்டார், காட்ட வேண்டியதும் இல்லை. அதற்குப் பதிலாகக் கண்ணால் பார்க்கக்கூடியதைக் கேளுங்கள்: ஒரு ஷிஃப்டில் எத்தனை பேர், கடை எத்தனை மணிக்கு மூடுகிறது, இலைச் சாப்பாடு அன்றும் இன்றும் எவ்வளவு. பழைய விலைப்பட்டியல் வேண்டுமா? கூகுள் மேப்ஸில் வாடிக்கையாளர்கள் போட்ட படங்களில் மெனு அட்டையும், படம் போட்ட காலமும் இருக்கும். அது நல்ல முதல்நிலை ஆதாரம்.

இங்கே ஒரு பெரிய பள்ளம். சிறிய கடைகளுக்குச் சம்பளம் உயர்ந்த அதே ஆகஸ்ட் 1 அன்று முட்டைக்கான அரசாங்க உதவித்தொகையும் நின்றது. அதற்கு ஒரு மாதம் முன், ஜூலை 1 அன்று, விற்பனை சேவை வரி விரிந்தது. ஆகஸ்டுக்குப் பின் விலை ஏறினால் எதைக் காரணம் சொல்வீர்கள்? பிரிக்க ஒரு வழி: முட்டையே சேராத பண்டங்களின் விலையையும் முட்டைப் பண்டங்களின் விலையையும் தனித்தனியே ஒப்பிடுங்கள். இன்னொரு வழி, பிப்ரவரியில் சம்பளம் ஏறிய பெரிய கடைகளையும் ஆகஸ்டில் ஏறிய சிறிய கடைகளையும் ஒப்பிடுவது. பிப்ரவரிக்கும் ஜூலைக்கும் இடையே பெரிய கடைகளில் மட்டும் விலை நகர்ந்ததா என்று பாருங்கள். இதைச் செய்தாலே சராசரிக் கட்டுரையிலிருந்து விலகி நிற்பீர்கள்.

பேட்டிக்குப் பிரிக்ஃபீல்ட்ஸின் ஜாலான் துன் சம்பந்தன் கடைகளில் பகல் ஒரு மணிக்குப் போய் நிற்காதீர்கள். மூன்றரைக்குப் பிறகு கல்லாவில் உள்ளவருக்குப் பேச நேரம் இருக்கும். அண்ணா, அங்கிள் என்று அழைத்து, யார் நீங்கள், எதற்குக் கேட்கிறீர்கள், கடைப் பெயர் வராது என்பதை முதலிலேயே சொல்லிச் சம்மதம் பெறுங்கள். கேள்விகளைத் தமிழில் எழுதி ஒருமுறை வீட்டில் யாரிடமாவது கேட்டுப் பாருங்கள். ‘சம்பளம் ஏறியதால் கஷ்டமா?’ என்று கேட்டால் ‘ஆமாம்’ என்றுதான் பதில் வரும். ‘இந்த வருஷம் விலை மாற்றினீர்களா, எப்போது, ஏன்?’ என்று கேளுங்கள்.

“சோதனை எண்கள் தாறுமாறாக வருகின்றன”

அறிவியல் கட்டுரையில் நீங்கள் மாற்றிப் பார்க்கும் காரணிக்குக் குறைந்தது ஐந்து அளவுநிலை, ஒவ்வொன்றுக்கும் ஐந்து முறை. அதற்கு முன் ஒரு முழு முன்னோட்டம். முன்னோட்டம் செய்யாமல் நேரே இறங்குவதே முதல் தப்பு.

கொய்யாவின் வைட்டமின் சி எந்த வெப்பநிலையில் எவ்வளவு குறைகிறது என்று அயோடின் டைட்ரேஷனில் (கரைசலைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து அளக்கும் முறை) அளக்கிறீர்கள் என்று வைப்போம். அளவுக் குழாயான பியூரெட்டில் ஒரு அளவீட்டின் ஐயம், அதாவது பிழைக்கு இடமுள்ள அளவு, 0.05 கன சென்டிமீட்டர், இரண்டு அளவீட்டின் வித்தியாசம் என்பதால் 0.10. நீங்கள் சேர்த்த அயோடின் வெறும் 0.30 என்றால் ஐயம் மட்டுமே 33 விழுக்காடு; அதில் எந்தப் போக்கும் தெரியாது. அயோடின் கரைசலைப் பத்து மடங்கு நீர்த்தால் 3.00 தேவைப்படும், ஐயம் 3.3 விழுக்காடாக இறங்கும். பழத்தை மாற்றுவதற்கு முன் கரைசலை மாற்றுங்கள்.

‘அறை வெப்பநிலை’ என்று எழுதுவதும் நம் ஊரில் செல்லாது. ஆய்வுக்கூடத்தில் ஏர்கான் ஓடும்போது 24 பாகை, மாலையில் நிறுத்திய பிறகு 30. வெப்பமானியைப் பக்கத்திலேயே வைத்து எண்ணைக் குறியுங்கள். சுங்கை பினாங்கு நீரை அளக்கிறவர்கள் கடலேற்ற அட்டவணையைப் பார்த்து எல்லா மாதிரிகளையும் ஒரே ஓதநிலையில் எடுக்க வேண்டும். இல்லையென்றால் நீங்கள் அளப்பது ஆற்றின் மாசை அல்ல, கடல்நீர் எவ்வளவு தூரம் உள்ளே வந்தது என்பதை.

“5,600 சொல் வந்துவிட்டது”

4,000க்கு அப்பால் தேர்வாளர் படிக்க வேண்டியதில்லை. அங்கே இருப்பது உங்கள் முடிவுரை. உள்ளடக்கப் பக்கம், அட்டவணை, வரைபடம், சமன்பாடு, மேற்கோள் குறிப்பு, நூற்பட்டியல் ஆகியவை எண்ணிக்கையில் சேராது. நேர் மேற்கோளும், விளக்கம் சொல்லும் அடிக்குறிப்பும் சேரும். விளக்கத்தை அட்டவணைக்குள்ளோ பின்னிணைப்பிலோ ஒளித்து வைக்காதீர்கள், பின்னிணைப்பைப் படிக்க வேண்டிய கட்டாயம் தேர்வாளருக்கு இல்லை.

வாக்கியம் வாக்கியமாகச் செதுக்கினால் 300 சொல் குறையும், களைப்புத்தான் மிஞ்சும். ஒவ்வொரு பத்திக்கும் ஓரத்தில் ஒரு வரி எழுதுங்கள்: இது கேள்விக்கு என்ன சொல்கிறது? எழுத முடியாத பத்தியை முழுதாக எடுத்துவிடுங்கள். பெரும்பாலும் அது முதல் 1,200 சொல்லில் இருக்கும் வரலாற்றுப் பின்னணி. முன்னுரை 400 சொல்லுக்குள் நிற்கட்டும்.

“முடிவுரை ஒன்று சொல்கிறது, கேள்வி வேறொன்று கேட்கிறது”

கேள்வியை மாற்றுங்கள். அது ஏமாற்று வேலை இல்லை. ஆய்வு போன திசைக்கேற்பக் கேள்வி கூர்மையாவது இயல்பு. தலைப்புப் பக்கம், முன்னுரை, முடிவுரை மூன்றிலும் எழுத்துக்கு எழுத்து ஒரே கேள்வி இருக்க வேண்டும். முழு வரைவைக் கொடுக்கும் முன்பே மாற்றிவிடுங்கள். ஆசிரியர் ஒரே ஒரு முழு வரைவுக்குத்தான் கருத்துச் சொல்லலாம், திருத்தி எழுதித் தரக்கூடாது. அரைகுறை வரைவைக் கொடுத்து அந்த ஒரே வாய்ப்பை வீணாக்கிவிடாதீர்கள்.

“எந்த வரி எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை”

படிக்கும் நாளிலேயே ஆசிரியர், ஆண்டு, பக்கம், பார்த்த தேதி நான்கையும் ஒரு எக்செல் வரிசையில் போட்டுக்கொள்ளுங்கள். காப்பக ஆவணத்துக்குக் கோப்பு எண். மேற்கோள் காட்டும் முறைகளான ஏபிஏ, எம்எல்ஏ, சிக்காகோ எதுவும் சரி, கடைசி வரை ஒன்றையே பிடியுங்கள். தமிழ் மேற்கோளை ஆங்கிலத்தில் தந்தால் மொழிபெயர்ப்பு உங்களுடையது என்று குறித்து, மூலத்தை அடிக்குறிப்பில் கொடுங்கள்.

செயற்கை நுண்ணறிவுக் கருவி எழுதித் தந்ததை ஐபி மாணவரின் சொந்த எழுத்தாக ஏற்பதில்லை. பயன்படுத்தினால் கட்டுரைக்குள்ளும் நூற்பட்டியலிலும் அதைக் காட்ட வேண்டும். அது தரும் நூற்பெயர்களை நூலகப் பட்டியலில் ஒவ்வொன்றாகத் தேடுங்கள். இல்லாத நூலை இருப்பதுபோல் பக்க எண்ணோடு சொல்லும். நம் மலேசியத் தமிழர் வரலாற்றில் அது இன்னும் மோசம், இணையத்தில் எழுத்து குறைவு என்பதால்.

“500 சொல் ரிஃப்ளெக்ஷனில் என்ன எழுதுவது?”

கட்டுரையோடு தரும் இந்தக் குறிப்பு, உங்கள் ஆய்வுப் பயணத்தைத் திரும்பிப் பார்த்து எழுதுவது. ‘நேர மேலாண்மை கற்றேன்’ என்பதற்கு மதிப்பெண் இல்லை. முடிவெடுத்த இடங்களை எழுதுங்கள்: எந்த ஆதாரத்தைக் கைவிட்டீர்கள், ஏன், எது உங்கள் எண்ணத்தை மாற்றியது, மறுபடி செய்தால் எங்கே வேறு மாதிரி போவீர்கள். ஆசிரியருடனான மூன்று சந்திப்புகளுக்கும் அன்றன்றே ஐந்து வரி குறித்து வைத்திருந்தால் இது ஒரு மாலையில் முடியும். கடைசிச் சந்திப்பு வைவா, எழுதியதை வாயால் சொல்லும் நேர்காணல். அதற்குப் பிறகு எழுதுவதே நல்லது.

அனுப்பும் நாளில்: 12 புள்ளி எழுத்து, இரட்டை வரி இடைவெளி, பக்க எண். தலைப்புப் பக்கத்தில் தலைப்பு, கேள்வி, பாடம், சொல் எண்ணிக்கை. உங்கள் பெயரும் பள்ளிப் பெயரும் எங்கேயும் இருக்கக்கூடாது. பக்கத் தலைப்பிலும், நன்றியுரையிலும், பின்னிணைப்பில் ஒட்டிய சம்மதக் கடிதத்தின் முத்திரையிலும், கோப்பின் பெயரிலும் தேடிப் பார்த்துவிட்டுப் பிடிஎஃப் ஆக்குங்கள்.